பேரைச் சொல்லிப் பாடுகிற ஊர்

நம் கிழக்குக் கரையோரத்து ஆட்களுக்குச் சென்னை என்றால் மூன்று காரியங்கள்தான். ஒன்று வைத்தியம். இரண்டாவது கலியாணச் சாரி. மூன்றாவது, நாகூருக்குப் போகிற வழி. கல்முனையில் இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில்தான் கொழும்பு. ஆனால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை. கடல் கடப்பதை விட நாட்டுக்குள் பயணம் செய்வதுதான் நமக்கு நீளம்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வேறொரு சென்னை இருக்கிறது. மெரினாக் கடற்கரை, மகாபலிபுரத்துக் கற்கோயில்கள், மார்கழி மாதத்து சங்கீதக் கச்சேரிகள். டிசம்பரிலும் ஜனவரியிலும் அமெரிக்காவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கச்சேரி கேட்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. மயிலாப்பூர்ப் பக்கத்து சபாக்களில் பட்டுச் சாரியும் மல்லிகைப்பூவுமாக அந்தக் கூட்டம் இருக்கும்.

நான் சொல்லப் போவது இந்த மூன்றிலும் சேராத, சபாக்களிலும் இல்லாத ஒரு பாட்டைப் பற்றி.

2018 ஜனவரி முதல் வாரம். என் பெரியம்மாவின் மகள், என்னிலும் மூத்தவர், கண் வைத்தியத்துக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் காசு அனுப்பினான். துணைக்கு நான் போனேன். அவரை இங்கே ராத்தா என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம்.

ராத்தாவின் புருஷன் 1990ஆம் ஆண்டு நெல் வியாபார விசயமாக மட்டக்களப்புப் பக்கம் போனவர். திரும்பி வரவில்லை. அந்த வருடத்து ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரையான மாதங்களை நம் பகுதியில் முஸ்லிம் வீடுகளிலும் சரி தமிழ் வீடுகளிலும் சரி, எவரும் மறக்க மாட்டார்கள். யார் பிடித்தார்கள், எங்கே கொண்டு போனார்கள் என்பது இன்று வரை தெரியாது. மையித்து வரவில்லை. ஜனாஸாத் தொழுகை இல்லை. இத்தா எப்போது தொடங்குவது என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது ராத்தாவுக்கு 24 வயது. கையில் ஒரு பிள்ளை. அதற்குப் பிறகு அவர் சத்தம் போட்டு அழுததை நான் கண்டதில்லை. சுனாமியில் வீடு போன நாளிலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மண்ணடியும் இராயபுரமும்

இலங்கை முஸ்லிம்கள் அதிகமாகத் தங்கும் இடம் மண்ணடி. பாரிமுனைக்குப் பக்கத்தில், பள்ளிவாசல்களும் லொட்ஜுகளும் இரும்புக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் தெருக்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் வட சென்னை தொடங்குகிறது. இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் அதுதான் மிகப் பழையது. அதற்கு அப்பால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன் வாடை மூக்கில் பட்டதும் ராத்தா, “நம்மட ஊருக்கே வந்த மாதிரி இரிக்கி புள்ள” என்றார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், மீன் பிடித்தவர்கள், ஆலைகளில் உழைத்தவர்கள், நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் சுத்தம் செய்தவர்கள் குடியிருக்கும் பகுதி அது. சுற்றுலாப் புத்தகங்களில் அதற்கு அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை.

அந்தப் பக்கத்தில்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருக்கிறார். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய் வந்தவர்களுக்கு அவருடைய பாட்டுகள் புதியவையல்ல. பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடக் கேட்டிருப்போம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் அவரைத் தொண்டியார் என்று அழைத்தார்களாம். தண்டையார்பேட்டை என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று அங்கே சொல்கிறார்கள். வட சென்னையின் கானாப் பாட்டுக்கு மஸ்தான் சாகிபின் பாட்டும் ஒரு மூலம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கானா என்றால் நமக்குச் சினிமாவில் கேட்டதுதான் ஞாபகம் வரும். 2006இல் வந்த ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கலியாணப் பாட்டு நம் ஊர்க் கலியாண வீடுகளிலும் போட்டார்கள். அதைக் கேட்டு, கானா என்பது கேலிப்பாட்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் கானாவின் பிறந்த வீடு சாவு வீடு.

இதை எங்களுக்குச் சொன்னவர் லொட்ஜில் கூட்டித் துடைக்க வரும் ஒரு அக்கா. வியாசர்பாடிக்காரி. அவர்களுடைய தெருவில் ஒருவர் இறந்தால், இரவு முழுவதும் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதற்கு ஆள் வருமாம். பாடுகிறவர் முதலில் வீட்டாரிடம் விசாரிப்பார். செத்தவர் பெயர் என்ன, என்ன தொழில் பார்த்தார், பெண்சாதி பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், யாரோடு சிநேகம் என்றெல்லாம் கேட்டு, அவற்றையெல்லாம் பாட்டில் கோர்த்து விடியும் மட்டும் பாடுவார். பானையும் சட்டியும் மேசைப் பலகையும் மேளம்.

ராத்தா துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, “செத்தவங்கட பேரச் செல்லியா பாடுவாங்க?” என்று கேட்டார்.

“பேரைச் சொல்லாம இன்னாத்தப் பாடுறது? அவருக்குத்தானே பாட்டு” என்றார் அந்த அக்கா. பிறகு, “சனிக்கிழமை கீழ்ப்பாக்கத்துல நம்ம பசங்க பாடுறாங்க. காசு கிடையாது. வர்றியாம்மா?” என்று கூப்பிட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில்

அது 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளிக்கூட மைதானம். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவின் முதல் மேடை. ‘சாதியற்றவர்களின் கூட்டு’ என்று அதைச் சொல்லலாம். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) எழுதிய ‘சாதியில்லாத தமிழர்கள்’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

மேடையில் 19 பேர். எல்லாரும் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள். அம்பேத்கர் படங்களில் பார்ப்போமே, அந்த மாதிரி. சாவு வீட்டுப் பறையும் சட்டியும் ஒரு பக்கம், ரொக் இசைக்காரரின் கிற்றாரும் ட்ரம்சும் மறு பக்கம். பாடகர்களில் ஒரே ஒரு பெண். இசைவாணி என்று பெயர். ஆண்களே பாடி வந்த கானாவை மேடையேறிப் பாடிய வட சென்னைப் பெண்.

மைதானம் நிறைந்து வழிந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் தொழிலாளிக் குடும்பங்கள். பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கமெராக்காரர், இரண்டொரு வெள்ளைக்காரர்களும் நின்றார்கள்.

முதல் அடி விழுந்ததும் ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். நெஞ்சுக்குள் போய் இடிக்கும் சத்தம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரிச் சத்தம் பாட்டாகத் தெரிய முன்னர் வேறொன்றாகத் தெரியும். இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. “போவமா ராத்தா?” என்று கேட்டேன். கூட்டத்தின் பின்பக்கம், மதிலோரம் கூட்டிப் போனேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு, “நில்லு, என்ன செல்றாங்க எண்டு கேப்பம்” என்றார்.

அவர்கள் சொன்னவை லேசான விசயங்களல்ல. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு. வட சென்னையைப் பற்றி ஒரு பாட்டு. அம்பேத்கரைப் பற்றி ஒன்று. சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லப்படும் பிள்ளைகள், உழைத்துக் கட்டிய நகரத்திலிருந்தே விரட்டப்படும் குடிகள், இவையெல்லாம் பாட்டாக வந்தன. சில இடத்தில் பாட்டு. சில இடத்தில் பேச்சு. சில இடத்தில் தொண்டை கிழியக் கத்தல். சங்கீதம் படித்தவர்கள் அதை அபசுரம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு சொல் கூட விளங்காமல் போகவில்லை. வீட்டில் பேசும் பேச்சையே மேடையிலும் பேசினார்கள். திருத்திப் பேசவில்லை, வெட்கப்படவும் இல்லை.

நான் மேடையை விட்டுவிட்டுப் பெண்களைப் பார்த்தேன். அழுதுகொண்டே கை தட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு கிழவி எழும்பி ஆடினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை இழுத்து உட்கார்த்தவில்லை, சிரித்து இடம் விட்டார்கள். அழுகையும் ஆட்டமும் கோபமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன். நம் ஊரில் இந்த மூன்றுக்கும் வேறு வேறு அறைகள். கோபத்துக்கு அறையே இல்லை.

ராத்தா அழவில்லை. ஆனால் கடைசி வரை நின்றார். மண்ணடிக்கு ஓட்டோவில் திரும்பும்போது சொன்னார்: “அவங்க ஒருத்தரிட்டயும் இரக்கம் கேக்கல்ல புள்ள. நடந்தத நடந்த மாதிரிச் செல்லிட்டு, நீ இப்ப என்ன செய்யப் போறா எண்டு கேக்கிறாங்க.”

அதற்கு மேல் ஒரு விமர்சகரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

உலகத்தில் மற்ற இடங்களில்

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது என் மருமகன் சிரித்தான். அவன் கைத்தொலைபேசியில் ஆங்கிலப் பாட்டுகள் கேட்பவன். “மாமி, இதே மாதிரி வெள்ளைக்காரனும் கத்துறான்” என்றான். அவன் காட்டியதைக் கேட்டேன், வாசித்தேன்.

1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் ‘ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்’ என்றொரு இளைஞர் குழு இருந்தது. அதுவரை அந்த மாதிரி முரட்டு ரொக் இசை என்றால் கோபமும் அடிதடியும்தான். இவர்கள் அதே வேகத்தில் தங்கள் துக்கத்தைக் கத்திப் பாடினார்கள். கேட்க வந்த இளைஞர்கள் அழுதார்கள். 1985இல் ஓர் இசைத்தட்டு வந்தது, குழு அதிக காலம் நீடிக்கவில்லை. ஆனாலும் அந்த வழியில் பிறகு எத்தனையோ குழுக்கள் வந்தன. அவற்றில் ஒன்று மிச்சிகன் மாநிலத்து ‘லா டிஸ்பியூட்’. 2011இல் வந்த அவர்களுடைய ‘வைல்ட்லைஃப்’ என்ற இசைத்தொகுப்பில், புற்றுநோய்க்குச் சிறு மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் நாட்குறிப்பைப் பற்றிய பாட்டு இருக்கிறது. இனிமையாகப் பாடாமல், மூச்சு முட்டச் சொல்கிறார்கள்.

எனக்கு மொழி பாதிதான் விளங்கியது, காரியம் முழுதாக விளங்கியது. பணக்கார நாட்டிலும் ஆட்களுக்குத் துக்கத்தைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் தேவைப்படுகிறது. அதற்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார்கள். வியாசர்பாடித் தெருவிலோ அது சாவு வீட்டு வாசலில் பரம்பரையாக இருந்து வருகிறது.

அந்தச் சென்னைக் குழுவில் பாடிய அறிவு என்ற இளைஞர் 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டால் உலகமெங்கும் அறியப்பட்டார். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு ஆடினார்கள். அந்தப் பாட்டின் வேர் நம் நாட்டில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. கொழுந்து பறித்த கைகளோடு கப்பலேறிப் போனவர்களின் பேரன், பாட்டியின் பேரையே பாட்டில் வைத்துப் பாடினார். இசைவாணியை 2020இல் பி.பி.சி. உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

நம்மிடம் இருந்ததும் இருப்பதும்

இங்கே சிலர் கேட்கக்கூடும், “நமக்கு இதெல்லாம் எதற்கு?” என்று. நியாயமான கேள்வி. நம் மார்க்கத்தில் மையித்து வீட்டில் மாரடித்துப் புலம்புவதைத் தடுத்திருக்கிறார்கள். கண்ணீருக்குத் தடையில்லை. தமிழ்ச் சகோதரிகளின் வீடுகளில் ஒப்பாரி இருந்தது. இப்போது அங்கும் ஒலிபெருக்கியில் போடும் பாட்டுத்தான் கூடிவிட்டது. நான் கானாவை இங்கே கொண்டு வரச் சொல்லவில்லை. அது அவர்களுடையது.

நம்முடையது கவி. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் பாய் இழைக்கும்போதும் நெல்லுக் குற்றும்போதும் சொல்லி வந்த நாலு வரிக் கவி. வயற்காவலில் பரணிலிருந்து ஆண்கள் சொன்னதும் அதுதான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து எழுதி வைத்திராவிட்டால் பாதி அழிந்திருக்கும். அந்தக் கவிகளில் அதிகமானவை காதலும் பிரிவும் ஏக்கமும். மச்சானைப் பற்றிச் சொல்ல ஒரு பெண்ணுக்கு அது இடம் கொடுத்தது. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கவியில் சொன்னாள், ஊரும் பிழை பிடிக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, ராத்தா என்னைக் கூப்பிட்டார். கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, “ஒண்டு செல்றன் கேளு” என்றார்.

சொன்னது கவி. 28 வருடமாக மனதுக்குள் வைத்திருந்த கவி. ஒன்றல்ல, பதினொன்று. புருஷன் வெளிக்கிட்ட நாளில் உடுத்திருந்த சாரம் என்ன நிறம், சைக்கிளில் என்ன கட்டியிருந்தார், வாசலில் திரும்பிப் பார்த்து என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு கவியிலும் அவருடைய பெயர் வந்தது. வீட்டில் நாங்கள் எல்லாரும் இத்தனை காலமும் ‘அவர்’ என்றும் ‘மகன்ட வாப்பா’ என்றும்தான் சொல்லி வந்தோம். அந்தப் பெயரை ராத்தாவின் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அவருடைய பெயர் எங்கும் இல்லாமல் இல்லை. பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது. ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் மகன் பிறகு எழுதிக் கொடுத்தான். ஆனால் கோப்பில் இருக்கும் பெயரை எடுத்து வாசிக்க ஒருவர் வர வேண்டும். பாட்டில் இருக்கும் பெயர் கேட்பவருடைய காதில் தானாகப் போய் இருந்துகொள்கிறது. வியாசர்பாடி அக்கா சொன்னதன் பொருள் அதுதான்.

அன்றும் ராத்தா அழவில்லை. கவி முடிந்ததும், “தேத்தண்ணி குடிப்பமா?” என்று கேட்டார். அழுதது நான்தான்.

பிறகு ஒருநாள் எங்கள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் அந்தக் கவிகளில் மூன்றைச் சொன்னார். இருபது பேர் இருந்தோம். பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்த் தாய்க்கும் 1990இல் மகன் இல்லாமல் போனவன். ராத்தா முடித்த பிறகு அவர் எழும்பி, மகனுடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரு பக்கத்து ஆட்களும் ஒருவருக்கொருவர் என்ன செய்தார்கள் என்ற கதை அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அதை யாரும் எடுக்கவில்லை.

சகோதரிகளே, எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் இருப்பதே பலம் என்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பேசினால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இழுத்து மேடையேற்றக் கூடாது. சத்தம் உடம்பை நடுங்க வைத்தால் எழும்பிப் போவதிலும் வெட்கமில்லை. ஆனால் சொல்ல விருப்பமுள்ள ஒருத்தி இருந்தால், அவளுக்கு ஓர் இடமும் கேட்க நாலு பேரும் வேண்டும். அதற்கு 19 பேர் கொண்ட குழுவும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. ஒரு பாயும் ஒரு பின்னேரமும் போதும்.

உங்கள் உம்மாவுக்கோ மாமிக்கோ பெத்தம்மாவுக்கோ கவி தெரியுமா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். ஒப்பாரி தெரிந்த அம்மாமார் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். சொன்னால் எழுதி வையுங்கள், அல்லது பிள்ளைகளிடம் சொல்லித் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ராத்தாவின் கவிகளை இங்கே அச்சிடலாமா என்று கேட்டேன். “வேணா. கேக்க விருப்பமெண்டா ஊட்டுக்கு வரச் செல்லு. நான் செல்றன்” என்றார்.